கடிதத்தின் உச்சியில் 786

இசைவாணிக்கு நாற்பத்தாறு வயது. மன்னார்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறாள். அவள் அப்பா பஞ்சநதம் பக்கவாதத்தில் கிடந்த கடைசி இரண்டு வருடம் நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பழக்கத்தில்தான் நடந்ததை என்னிடம் சொன்னாள்.

போர்ப் பாடம் வரும்போதெல்லாம் அப்பாவின் கடிதத்தை வகுப்புக்கு எடுத்துப்போவாள். எழுபத்தொன்றாம் வருடம் பாகிஸ்தான் போர்முனையிலிருந்து அவர் தன் அம்மாவுக்கு அனுப்பியது. குண்டுக்கு நடுவே ஆற்றைக் கடந்தது, பக்கத்தில் வந்தவன் விழுந்தது எல்லாம் அதில் உண்டு. எழுதியது யார், எப்போது, யாருக்கு, நேரில் பார்த்தாரா என்று பிள்ளைகள் கேட்டுப் பார்க்க வேண்டும். உச்சியில் 786 என்று இருக்கும். சிறு வயதில் கேட்டபோது, பட்டாள நம்பர் என்று அப்பா சொல்லியிருந்தார். அவளும் பன்னிரண்டு வருடமாக அதையே சொல்லிவந்தாள்.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஹுமைரா எழுந்தாள். "டீச்சர், இது பிஸ்மில்லாவுக்குப் பதிலா போடுறது. எங்க வாப்பா எது எழுதினாலும் மேல போடுவாங்க. அப்போ இதை எழுதினது வேற யாரோதானே?"

பின் பெஞ்சில் ஒருவன், "டீச்சரோட அப்பா பாயாம்டா" என்றான். வகுப்பு சிரித்தது.

இசைவாணி அவனை விட்டுவிட்டாள். "எல்லாத்துலயும் உங்க வீட்டைக் கொண்டாந்து நுழைக்காத. உக்காரு" என்றாள் ஹுமைராவிடம்.

எதற்கெடுத்தாலும் கை தூக்கும் பெண் அதன்பிறகு தூக்கவில்லை.

சனிக்கிழமை இசைவாணி என் வீட்டுக்கு வந்தாள். அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். சொல்லியிருந்தார். பட்டாளத்தில் அவர் சமையல்காரர். கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுத வராது. எழுதிக்கொடுத்தது கூட இருந்த அப்துல் ஜலீல். மகளுக்குத் தெரிந்தால் மதிப்புப் போய்விடும் என்று பயந்தார். நானும் அதுவரை வாயைத் திறக்கவில்லை. அது சரியில்லைதான். அன்றைக்கு எல்லாம் சொல்லிவிட்டேன்.

"சமையல்காரர்ங்கறதுல எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றாள். "அந்த நம்பரை லாரியில, கடையில எத்தனை தடவை பாத்திருக்கேன். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அந்தப் புள்ளையை அப்படிச் சொன்னேன்."

தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். வகுப்பில் வைத்துச் சொன்னதை வகுப்பிலேயே திருத்து என்றேன்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஹுமைரா கேட்டது சரி, தான் பேசியது தப்பு என்றும் சொல்லியிருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. கவிப்ரியா என்ற பெண் கேட்டாளாம்: "அப்போ இதுல 'நான் ஆற்றைக் கடந்தேன்'னு இருக்கே, அது யாரு டீச்சர்?"

தெரியாது என்றாளாம் இசைவாணி. அவள் அப்பா சொல்லி எழுதியதா, ஜலீல் தன் கதையை எழுதினாரா, எனக்கும் தெரியாது. முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது. மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

ஹுமைரா கடைசிவரை தலை நிமிரவில்லையாம். இப்போதாவது கை தூக்குகிறாளா என்று போன வாரம் விசாரித்தேன்.

"கணக்கு பீரியட்ல தூக்குறாளாம்" என்றாள் இசைவாணி.