எதிர்க்கடையைத் திறப்பித்த எங்கள் அக்கா

வேலணையிற் பிறந்து, அம்மண்ணை நீங்கிய துயரோடு யாழ்நகர்ப் புறத்தே இறைவனடி சேர்ந்த எம் தமக்கையாரின் முப்பத்தோராம் நாட் கிரியையாகிய அந்தியேட்டி நாளில், அவர்தம் வாழ்விலிருந்து ஒரு செய்தியை உறவினர்க்கும் நண்பர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றேன்.

கமக்காரக் குடும்பத்தின் தலைப்பிள்ளையான அக்கா, மணமானபின் தென்னிலங்கை நகரொன்றில் அத்தானுடன் வணிகம் செய்தார். எண்பத்து மூன்றின் இனக்கலவரத்தில் அக்கடை எரியுண்டது. உடுத்த உடையோடு மீண்டவர்கள், ஊர்ச் சந்தியிற் பெற்றோலும் மண்ணெண்ணெயும் பீப்பாவில் வைத்து விற்கத் தொடங்கினார்கள்.

சில ஆண்டுகளில் எதிரே இன்னொரு கடை எழுந்தது. அதன் உரிமையாளர் செல்லத்துரையார் விலையைக் குறைத்தார்; அக்காவும் குறைத்தார். வள்ளங்களின் இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்கும் வள்ளக்காரர் வெறுங்கலன்களுடன் வந்து நின்று, "அக்கா, அங்காலை இன்னும் குறைச்சிட்டார். நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று சீண்டி மகிழ்ந்தனர். ஈற்றில் செல்லத்துரையாரின் முதல் கரைந்தது, கடை பூட்டுண்டது.

மறுநாள் வள்ளக்காரர் ஒருவர் விலை கேளாமலே கலனை நீட்டினார்.

"ஏன், இண்டைக்கு விலை கேக்கேல்லை?" என்றார் அக்கா.

"கேட்டு என்ன செய்யிறது? இனி நீங்கள் சொல்லுறதுதானே விலை."

அச்சொல் அவரை உறுத்தியது. மாலையே தெருவைக் கடந்து செல்லத்துரையாரிடம் சென்று, தம் இருப்பிற் பாதியை வாங்கிய விலைக்கே தருவதாகவும் கடையைத் திறக்குமாறும் வேண்டினார்.

"என்ன அக்கா, விழுந்தவனைத் தூக்கி நிப்பாட்டித் திரும்ப விழுத்தவோ?" என்று ஐயுற்றார் செல்லத்துரையார்.

"ஓம், அப்பிடியும் வைச்சுக்கொள்ளும். ஆனால் நான் தனிய இருந்தால் விலையைக் கூட்டிப்போடுவன். என்னை எனக்குத் தெரியும்."

"இஞ்சரும், போட்டிக்காரனுக்கு எண்ணெய் குடுத்த யாவாரி உலகத்திலை நீர் ஒராள்தான்" என்று அத்தான் வெகுண்டார். ஆயினும் பீப்பாவை எதிர்க்கடைக்கு உருட்டிச் சென்றவரும் அவரே.

தொண்ணூறிற் போர் மூண்டு எரிபொருள் வரவு நின்றது. நகரிற் பெற்றோல் போத்தலில் அளந்து பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டது. ஒருநாட் காலை அக்காவும் விலையைக் கூட்டும் எண்ணத்துடனேயே கடைக்குச் சென்றார். எதிர்க்கடையிற் பழைய விலையே நிலவியது. அதனைக் கண்டு தாமும் பழைய விலைக்கே அளந்தார். இதனை அவரே என்னிடம் மறையாது கூறினார். இரு கடைகளிலும் இருப்புத் தீரும்வரை விலை மாறவில்லை. அதன்பின் இடப்பெயர்வு, நோய், இவ்விழப்பு.

நோயிற் பேணிய மருத்துவர்க்கும், தங்க இடமளித்த இல்லத்தார்க்கும், துயர்வீட்டில் உணவு சமைத்து உதவிய அயலவர்க்கும் எம் நன்றி உரியது. பாடைக்குத் தோள்கொடுத்த செல்லத்துரையார்க்குத் தனியே கடப்பாடுடையோம். சுடலையிலிருந்து மீளும் வழியில், அந்நாளில் விலையைக் கூட்டாமைக்காக, பள்ளி ஆசிரியனாகிய நான் அவரைப் போற்றினேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

"நானும் கூட்டத்தான் நிண்டனான், மாஸ்ரர். முதல் அக்கா கூட்டட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அவ கூட்டேல்லை."