சாலைக்கு அந்தப் பக்கம் குடித்த டீ

இன்று காலை சுங்குவார்சத்திரம் டீக்கடை. கம்பெனி யூனிஃபார்மில் இருந்த ஒருவர் ஆட்சியை விளாசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சுவரைக் காட்டினார். ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று போர்டு.

யூனிஃபார்ம்காரர் அடங்கிவிட்டார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

எமர்ஜென்சி சமயத்தில் இதே கடையில் அந்த போர்டை மாட்டியவர் இந்தக் கடைக்காரருடைய அப்பா. போலீஸ் பயம். நானும் நண்பர்களும் அவரோடு சண்டை போடவில்லை. கிளாஸை எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டி, எதிரே இருந்த புளியமரத்தடியில் நின்று பேசினோம். போர்டு கடைக்குள்தானே இருக்கிறது?

ஒருநாள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் சாயங்காலம் வரை தரையில் உட்கார வைத்தார்கள்.

"அங்க நின்னுக்கினு இன்னா பேசினே?"

"எதுவும் பேசக் கூடாதுன்றாங்களேன்னு பேசிக்கினு இருந்தேன் சார்."

முதுகில் ஒன்று விழுந்தது.

மறுநாளும் கிளாஸோடு அதே மரத்தடிக்குப் போனேன். பயத்தில் பாதி டீ சட்டையில் சிந்தியது. ஆனாலும் பேசினேன். எத்தனையோ டீ குடித்திருக்கிறேன். நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள எனக்கு அந்த அரை கிளாஸ்தான்.

இன்று யூனிஃபார்ம்காரரிடம் சொன்னேன்: "வாங்க, வெளியே நின்னு பேசுவோம்." மரம் இப்போது இல்லை, லாரிகள் சாலையைத் தாண்ட விடுவதில்லை. வாசலுக்கு வெளியே நின்றோம்.

பின்னாலேயே கடைக்காரர் வந்தார்.

"இருங்க பெரியவரே, எனக்கும் ரெண்டு வார்த்த பேசணும்."

உள்ளே போர்டு மட்டும் தனியாக இருந்தது.

உங்கள் ஊரில் எந்த மரத்தடி?