கூரைக்குப் போன சாம்பார்

எழுபதுகளின் தொடக்கம். இலங்கையில் மாத்தளை டவுனில் நாங்கள் குடியிருந்த சமயம். கடைகளில் பருப்பு என்ற சாமானே கண்ணில் படாத காலம் அது. அப்போதுதான் என் அண்ணன் திருச்சிக்குப் போய், இராமேஸ்வரக் கப்பலில் திரும்பி வரும்போது எனக்கு இரண்டு பொருள் கொண்டுவந்தார். கொஞ்சம் துவரம்பருப்பு, கூடவே ஒரு பிரஷர் குக்கர்.

எங்கள் வீட்டு வரிசையில் குக்கரைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நானும் அதில் சமைத்ததில்லை. ஆனாலும் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம், "பருப்பு வேக இனிமே பத்து நிமிசம் போதும், நீங்கதான் இன்னும் மண்சட்டியில கிடந்து ஊதுறீங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் சிரித்ததோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனாரைப் பெண் பார்க்க இரத்தோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அதற்கு முன் இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமலே போயிருந்தார்கள். நாத்தனார் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மூன்றாவது முறை புடவை கட்டி நிற்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். மாமியார் இல்லாத வீடு. சமையல் முதல் உபசரிப்பு வரை எல்லாம் என் பொறுப்பு. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

இருந்த துவரம்பருப்பு முழுவதையும் குக்கரில் கொட்டி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மண்ணெண்ணெய் அடுப்பில் ஏற்றினேன். நேரம் போனதே தவிர விசில் வரவில்லை. தீ போதவில்லையோ என்று இன்னும் தூண்டிவிட்டேன். அந்த நேரத்தில் அறைக்குள்ளிருந்து நாத்தனார், "அண்ணி, கொஞ்சம் இந்தக் கொசுவத்தைப் பிடிச்சு விடுங்க" என்று கூப்பிட்டாள். போய்க் கொசுவத்தில் கை வைத்திருப்பேன், அடுக்களையில் வேட்டுப் போட்டது மாதிரி ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் புகையும் ஆவியுமாக இருந்தது. பருப்பு விசில் துவாரத்தை அடைத்துக்கொண்டதில், மூடியில் இருந்த இன்னொரு அடைப்பான் தெறித்து, உள்ளே இருந்ததெல்லாம் கூரைத் தகரத்துக்குப் பீய்ச்சி அடித்திருக்கிறது. சுவர், அம்மி, காயவைத்த துணி என்று எங்கே பார்த்தாலும் மஞ்சள். சற்று முன்பு வரை நான் நின்றிருந்த இடத்தில் கொதிக்கக் கொதிக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. கொசுவம் மட்டும் அன்றைக்குச் சரியாக விழுந்திருந்தால் என் முகம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் அவர்களுக்காகக் காத்து நின்றார். பஸ் வர அரை மணி நேரம்கூட இல்லை.

சத்தம் கேட்டு ராத்தா வேலியைத் தாண்டி வந்தார். என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திரும்பிப் போனவர், ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர்கள் வீட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு அவித்து வைத்த பாசிப்பயறு. அப்படியே ஆவி பறந்தது.

"மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகல, அல்லாஹ் காப்பாத்தினான். பயறு நல்லா வெந்திருக்கு, நான் கடையிறேன். நீங்க கண்ணத் தொடச்சிட்டுப் புளியக் கரைங்க, தங்கச்சி."

உங்கள் பிள்ளைகளுக்கு என்று நான் இழுத்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. அவர் பயறைக் கடைய, நான் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வேகவைத்துப் புளியும் பொடியும் சேர்த்துத் தாளித்தேன். சாம்பார் ஒரு மாதிரிப் பச்சையாக இருந்தது. ஆனால் வாசம் சாம்பார் வாசம்தான். சுவரையும் தரையையும் அவசரமாகத் துடைத்தோம், கூரைக்கு மட்டும் கை எட்டவில்லை.

வந்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, இது என்ன சாம்பார் என்று கேட்டார். வந்ததுமே நான் காதில் போட்டு வைத்திருந்ததால், என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, திருச்சிப் பக்கம் இப்படித்தான் வைப்பார்கள் என்று சமாளித்தார். நானும் தலையாட்டினேன். அதோடு முடிந்திருக்கும். அந்த அம்மா கை கழுவ அடுக்களைக்கு வந்தார். மேலிருந்து ஒரு கட்டிப் பருப்பு அவர் தோளில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இனி மறைத்துப் பயனில்லை. குக்கர், ராத்தாவின் பயறு, தலையாட்டிய பொய் எல்லாவற்றையும் அழாத குறையாகச் சொன்னேன். என் முட்டாள்தனத்துக்காக என் நாத்தனாரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் புடவைத் தலைப்பால் தோளைத் துடைத்தார். மறுபடியும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"டவுன் ஆளுங்க, நம்ம வீட்டுப் புகையடுப்பு அந்தப் பொண்ணுக்குச் சரிப்படுமான்னு யோசிச்சுக்கிட்டேதான் வந்தேன். ஒரு அவசரம்னா பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க சாப்பாட்டையே தூக்கிட்டு ஓடியாராங்க. அந்த மாதிரி பழகுன வீட்டுல வளந்த பொண்ணு போதும் எனக்கு."

போகும்போது ராத்தா வீட்டு வாசலில் நின்று அவரிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் பஸ் ஏறினார். அடுத்த தையில் கல்யாணம் நடந்தது.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. நான் கேலி செய்த ஒருவர், நான் கேட்காமலே வேலி தாண்டி வந்தார். அதனாலோ என்னவோ, இன்றுவரை அடுத்த வீட்டில் ஏதாவது சத்தம் கேட்டால், என்ன ஏது என்று யோசிப்பதற்கு முன்பே என் கால்கள் எழுந்துவிடுகின்றன.