உப்புப் போட்டு ரேடியம் எடுத்த கதை

குடிதண்ணீர்த் தொட்டி பார்க்கிற வேலையில் எனக்கு முதல் அநியாயம் செய்தவர் எங்கள் கத்தோலிக்கக் கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் செபமாலை. ஊருக்குத் தண்ணீர் கொடுத்து ஏச்சு வாங்கியவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார். அவர்கள் வாசித்தால் போதும்.

எங்கள் ஊர் தாழ்வுபாடு என்ற கரையோரக் கிராமத்துக்கு அங்கால். குழாய்க் கிணற்றில் நிலத்துக்கடியில் இருந்து ரேடியம் கரைந்து வருகிறது, வருசக்கணக்கில் குடித்தால் எலும்பில் தங்கும் என்று அரசாங்கத் தண்ணீர்க் கந்தோர்க்காரர் சொல்லி ஒரு வடிகட்டும் தொட்டி பூட்டித் தந்தார்கள். உள்ளே மீன்சினை போல மணிகள். அவை ரேடியத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குத் தங்களிடமுள்ள உப்புச்சத்தில் கொஞ்சத்தைத் தண்ணீரில் விடும். சனம் தண்ணீர் எடுக்காவிட்டால் தொட்டியைக் கழற்றி வேறு ஊருக்குக் கொடுப்போம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

உப்பு மூட்டை

மணிகள் நிரம்பினால் குழாயைப் பூட்டிவிட்டு, உப்பைக் கரைத்து விட்டு அலச வேண்டும். பிடித்ததையெல்லாம் மணிகள் விட்டுவிடும். அந்தக் கழிவைக் கந்தோர்ப் பவுசர் வண்டி கொண்டுபோகும். பிறகு உப்புப் போகக் கழுவித்தான் குழாயைத் திறப்பேன். மூப்பர் வந்த நேரம் நான் உப்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். மிச்சத்தைக் கேட்க அவர் நிற்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளிக்கிடும்போது கோயில் வாசலில் நின்று சொன்னார்: "கடல் தண்ணி கிணத்துக்க வருதெண்டு நாங்கள் அழுறம். இவன் மூட்டையா வாங்கிக் கொட்டுறான்."

சவுக்காரம்

குழாயடியில் தண்ணீர் எடுக்க நிற்கும் வரிசை பாதியாகிவிட்டது. நின்றவர்களுக்கும் குறைதான். தண்ணீரின் கடினத்தையும் மணிகள் சேர்த்து எடுத்துவிடுவதால் சவுக்காரம் நன்றாக நுரைக்கும், ஆனால் வழுவழுப்பு இலேசில் போகாது. வரிசையில் நின்ற பிலோமினா அக்கா அதைத்தான் முறையிட்டா. குடிக்கத் தந்த தண்ணியில் ஏன் குளித்தீர்கள் என்று கேட்டேன்.

"குடிக்கப் பயமாக் கிடந்தது தம்பி. அதுதான் முதல் குளிச்சுப் பாத்தனான்."

கூட்டம்

கந்தோரில் இருந்து ஒரு மிஸ் வந்து கோயில் மண்டபத்தில் ரேடியத்தைப் பற்றிப் பொறுமையாக விளங்கப்படுத்தினா. முன்கதிரையில் இருந்த சம்மாட்டி, இரண்டு வள்ளம் வைத்திருப்பவர், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். கடைசியில் எழும்பிக் கேட்டார்: "காய்ச்சினாலும் போகாது, துணியில வடிச்சாலும் போகாது, கண்ணுக்கும் தெரியாது. பிள்ளை, நீங்கள் தண்ணியைச் சொல்லுறீங்களோ, பேயைச் சொல்லுறீங்களோ?"

தீர்த்தம்

அதன்பிறகு என் குழாயடியில் காகம்தான் நின்றது. சனம் பழையபடி குழாய்க் கிணற்றுக்கே போனது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வியாழன் வரை பார்ப்போம், அதற்குப் பிறகு தொட்டியைக் கழற்றப் போகிறோம் என்று கந்தோர் சொல்லிவிட்டது.

அந்தக் கிழமைதான் மூப்பர் தண்ணீர்க் கானோடு வந்தார். உயிர்த்த ஞாயிறுத் தீர்த்தத்தைச் சனம் குடிக்கிறது, ஆனபடியால் தொட்டித் தண்ணீரில்தான் மந்திரிப்பேன் என்று பாதிரியார் சுவாமி சொல்லிவிட்டாராம். எங்கள் கோயிலில் தீர்த்தம் மந்திரிக்கும்போது தண்ணீரில் உப்புப் போடுவது வழக்கம். உப்புத் தட்டை நீட்டுகிறவர் இந்த மூப்பர்.

"அப்ப தட்டில நீங்கள் நீட்டுறது என்ன, மூப்பர்? வாசலில சொன்னது பிழையெண்டு வாசலிலயே நிண்டு சொல்லுங்கோ. நிரப்பித் தாறன்."

அவர் கானைக் குழாய்க்குக் கீழே வைத்தார். "அது சுவாமி மந்திரிக்கிற உப்பு. உன்ர உப்பை ஆர் மந்திரிச்சது?"

சுவாமியைக் காக்க வைக்கக்கூடாது என்பதற்காக நிரப்பிக் கொடுத்தேன். உயிர்த்த ஞாயிறு தீர்த்தத்தைச் சனம் போத்தல் போத்தலாகக் கொண்டுபோய்க் குடித்தது. சுவாமி மந்திரித்தது தொட்டித் தண்ணீர் என்ற கதை பரவி, மறுநாள் வரிசை ஒழுங்கைத் தெருமுனை வரை நின்றது. சனம் எடுக்கத் தொடங்கியதால் கந்தோரும் தொட்டியைக் கழற்றவில்லை. வரிசையில் நின்ற மூப்பரிடம் வாசல் பேச்சை நினைவூட்டினேன்.

"தண்ணி ஓடுதுதானே. இனி என்ன கதை?"

அவர் எனக்குச் சொல்ல வேண்டிய ஒரு வசனம் இன்னும் நிலுவையில் நிற்க, அவருடைய கானை மட்டும் நாள்தோறும் நான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.