குடைக்கும் ஒரு குத்து

அப்துல் சுபான் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று சொன்ன அன்றே வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். கேட்கவில்லை. தனக்கென்று எவரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். அவருக்கு எதற்கு ஓட்டுக் கேட்கிற வேலை?

பென்னாகரம் சாலைக்கும் எங்கள் கூத்தன்பள்ளத்துக்கும் நடுவே ஓர் ஓடை. ஐப்பசியில் வெள்ளம் வந்தால் ஊர் துண்டாகிவிடும். எழுபத்தொன்றில் அவர் மனைவி வஹிதா பிரசவ வலியோடு அந்தக் கரையிலேயே செத்துப்போனாள். பிள்ளையும் பிழைக்கவில்லை. அன்று முதல் பதினைந்து வருஷம் பாலம் பாலம் என்று அலைந்தார். அவருடைய வாடகை சைக்கிள் கடை பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். மனு கொடுக்கத் தர்மபுரிக்குப் போயிருப்பார். போகிற போக்கில் ஒருத்திக்கு விதவைப் பென்ஷன், இன்னொருவருக்கு ரேஷன் கார்டு என்று எதையாவது முடித்துக்கொண்டு வருவார்.

பாலத்துக்கு வழி விடவேண்டிய நிலம் தர்மனுடையது. ஊரிலேயே பெரிய பண்ணை. தென்னந்தோப்பில் ஒரு சாண்கூடத் தரமாட்டேன் என்றுவிட்டார். பஞ்சாயத்துத் தீர்மானம் கொண்டுவாருங்கள், நிலத்தை எடுக்கலாம் என்றார்கள் அதிகாரிகள். பல வருஷமாகத் தேர்தலே நடக்காததால் அப்போது பஞ்சாயத்துக்குத் தலைவரே கிடையாது. எண்பத்தாறில் தேர்தல் வந்ததும் சுபான் குடைச் சின்னத்தில் நின்றார். எதிரே தராசுச் சின்னத்தில் தர்மன்.

சுபான்தான் ஜெயிப்பார் என்று டீக்கடை முழுக்கப் பேச்சு. அது தர்மன் காதுக்கும் போனது. ஓட்டுக்கு மூன்று நாள் முன்பு தன் பங்காளிகளையும் தோட்டத்துக் கூலிக்காரர்களையும் மாரியம்மன் கோவிலுக்கு வரவழைத்து, தராசுக்கே ஓட்டு என்று ஒவ்வொருவரையும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தார்.

மறுநாள் காசியம்மாள் அழுதுகொண்டு சைக்கிள் கடைக்கு வந்தாள். அவள் மகனைப் பாம்பு கடித்தபோது கழுத்தளவு வெள்ளத்தில் தூக்கிக்கொண்டு போனவர் சுபான். அவள் பின்னால் இன்னும் பத்துப் பேர்.

"சூடத்த அணச்சிட்டோம் பாய். மீறுனா புள்ளகுட்டிக்கு ஆவாதுங்க. உங்கள எப்புடி வுடறது?"

எனக்காகக் குத்துங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"எனக்காவ சத்தியத்த மீறாதீங்கக்கா. அதயும் காப்பாத்துங்க, என்னயும் மறந்துடாதீங்க" என்றார் சுபான்.

பெருந்தன்மையாம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. எல்லோருக்கும் நிம்மதி.

ஓட்டு எண்ணும்போது அவருடைய ஏஜெண்டாக நான் உட்கார்ந்திருந்தேன். தர்மன் பதினாறு ஓட்டில் ஜெயித்தார். செல்லாத ஓட்டு அறுபத்திரண்டு. ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார்கள். தராசில் ஒரு முத்திரை, குடையில் ஒரு முத்திரை. இரண்டையும் அழுத்தமாக, ஆசையாகக் குத்தியிருந்தார்கள்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. கேட்டா மனசு ஒடஞ்சி போவாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் சுபான். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஐப்பசியிலும் வெள்ளம் வந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த காசியம்மாளின் மகள் காவேரிக்கு வலி எடுத்தது. கயிற்றுக் கட்டிலில் வைத்து ஓடைக்குத் தூக்கி வந்தோம். சுபான் மூன்று தடவை தண்ணீரில் இறங்கிப் பார்த்தார். மூன்று தடவையும் வெள்ளம் அவரைப் புரட்டிக் கரையில் தள்ளியது. வஹிதா கிடந்த அதே கரையில், உச்சிப்பொழுதில் காவேரியின் உயிர் போனது.

காசியம்மாள் மகளின் முகத்தை முந்தானையால் மூடினாள். பிறகு சுபான் பக்கம் திரும்பினாள்.

"நாங்கல்லாம் உங்களுக்கும் குத்தினமே பாய். அப்புறம் எப்புடித் தோத்தீங்க?"

சுபான் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் ஓட்டு வந்திருக்கணுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, கட்டிலின் தலைமாட்டைத் தூக்கக் குனிந்தார்.