மாடியில் ஆறாவது கயிறு

அந்த அக்காவை நான் முதலில் பார்த்தது மொட்டை மாடியில். இன்டர்வியூவுக்கென்று துவைத்துப் போட்டிருந்த என் ஒரே வெள்ளைச் சட்டை தரையில் கிடந்தது. அதை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

"உன்னுதா தம்பி? அடுத்தவங்க கயித்துல போட்டிருப்ப. கழட்டி வீசிட்டாங்க. நம்ம ரெண்டு பேரும் புதுசாம்."

அந்தக் கட்டடத்தில் பழைய குடித்தனங்கள் ஐந்து, மாடியில் கயிறும் ஐந்து. யாராவது காலி செய்தால்தான் புதிதாக வந்தவர்களுக்குக் கயிறு. அதுவரை அறைக்குள்ளேயே காயப்போட வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊரே கூடி பஸ் ஏற்றிவிட்ட பட்டதாரி. இங்கே எனக்கும் அக்காவுக்கும் ஒரே பெயர்தான்: புதுசு.

எனக்குப் போனது ஒரு சட்டை. அக்காவுக்கு அது சோற்றுப் பிரச்சினை. கணவர் விட்டுப் போன பிறகு, மகளைப் படிக்க வைக்கவென்றே இந்த நகரத்துக்கு வந்தவர். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. ஃபேன் காற்றில் விரிப்பு காயுமா? ஈர வாடை அடித்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சொந்தமாக ஒரு நைலான் கயிறு வாங்கி, தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து படிக்கட்டுச் சுவர்க் கொக்கிக்கு இழுத்துக் கட்டினார். விரிப்புகளைப் போட்டு முடிப்பதற்குள் கீழ்வீட்டு சார் கத்தரிக்கோலோடு மேலே வந்தார். அங்கே எல்லோருக்கும் மூத்த குடித்தனக்காரர் அவர். ஒரே வெட்டு. அத்தனையும் தரையில்.

"வந்து கால் ஊனல, அதுக்குள்ள கயிறா? நானெல்லாம் ஒரு வருஷம் ரூமுக்குள்ளதான் காயப்போட்டேன்."

"அது உங்க பொறுமை சார். எனக்குக் கட்டுப்படி ஆகாது."

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா!"

"வீட்டைத்தானே வாடகைக்கு எடுத்தீங்க? வெயிலையும் சேர்த்தா எடுத்தீங்க?"

சார் கத்தரிக்கோலோடு அங்கேயே நின்றுகொண்டார். அக்கா விரிப்புகளை மறுபடி அலசினார். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டார். ஒரு முனையைக் குழாயில் கட்டி, மறுமுனையைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"இப்ப அறுங்க சார். இந்தப் பக்கம் கொக்கி இல்ல, என் கை."

கட்டடமே மாடிக்கு வந்து வேடிக்கை பார்த்தது. ஈரத் துணியின் கனத்தில் அவர் விரல்கள் வெளுத்தன. நான் போய்க் கயிற்றைக் கேட்டேன்.

"உனக்கு எதுக்குடா இந்த வம்பு?"

"மாடு பிடிச்ச கை இது அக்கா. குடுங்க."

"மாடு எப்பவாவது நிக்கும். இது இழுத்துக்கிட்டே இருக்கும், பாத்துக்க."

சார் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "படிச்ச பையன், நீயுமா?"

"படிச்சதாலதான் சார்."

கை மாற்றி மாற்றிப் பிடித்தோம். அக்காவின் மகள் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் வாயில் ஊற்றினாள். வெயில் உச்சிக்கு வந்தபோது சார் சாப்பிடக் கீழே இறங்கினார். நாங்கள் இறங்கவில்லை. அன்று லாட்ஜுக்கு விரிப்புகள் மொறமொறவென்று காய்ந்து போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலை அக்கா நேராகப் போய் சாரின் கதவைத் தட்டினார்.

"சார், கொக்கியில கயிறு கட்டப் போறேன். வெட்டறதா இருந்தா இப்பவே வாங்க. துணி போட்டப்புறம் வந்தீங்கன்னா ரெண்டு வேலை."

கதவு திறக்கவில்லை. அக்கா மேலே போய்க் கட்டினார்.

இப்போதும் அவர் அதே அறையில்தான் இருக்கிறார். இரண்டு லாட்ஜுகளுக்குத் துவைக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கீழ்வீட்டு சார் இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்காவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.