உரப்பையில் வந்த பொம்பிளைகள்

அமிர்தகழி மாமாங்கக் கோயிலில் வருடாவருடம் நடக்கும் திருவிழாவுக்குக் கடைபோட வரும் பொம்மைக்காரர் வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மைதான் கொண்டுவருவார். திருவிழா முடிந்ததும் அச்சை உடைத்துவிடுவார், மறுபடி அது கிடைக்காது. சண்டைக்காலத்திலும் அவர் வரத் தவறவில்லை. கல்லடியில் எங்கள் தெருப் பெண்களும் வாங்கத் தவறவில்லை.

ஒரு வருடம் மாப்பிள்ளை வந்தார். தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக, உள்ளே ஒன்றுமில்லாத கோறைப் பிளாஸ்டர் பொம்மை. பொம்பிளை, அதாவது மணப்பெண், அடுத்த வருடம் வருவாள் என்று சொல்லிப் போனார் பொம்மைக்காரர். என் அக்கா கண்ணாடி அலுமாரியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து இடத்தை வெறுமையாகவே வைத்திருந்தாள். அங்கே ஒரு கோப்பையை வைத்ததற்காக என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஊரிலுள்ள மாப்பிள்ளைகளெல்லாம் ஒரு வருடம் முழுக்க ஒற்றையாய் நின்றார்கள்.

அடுத்த கொடியேற்றத்தன்று காலையிலேயே நானும் அக்காவும் அமிர்தகழிக்குப் போனோம். பொம்மைக்கடையில் ஒரு பொம்பிளைகூட இல்லை. எங்கள் கல்லடிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்திருக்கிறது. விடியவே வந்து அத்தனையையும் வாங்கி, வைக்கோல் திணித்து, இரண்டு உரப்பைகளில் கட்டிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றால் கடைக்கு வரட்டாம், இரட்டிப்பு விலையாம். ஊர்ப் பொம்பிளைகளையெல்லாம் ஒருத்தரே கட்டிக்கொண்டு போகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோயில் குளத்தில் கால் நனைத்ததோடு திரும்பிவிட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் அவரும் இருந்தார். கல்லடிப் பாலத்துச் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், வழக்கம்போல எல்லாரையும் இறக்கினார்கள். அந்த நாட்களில் ஒரு சோடி பற்றறி கொண்டுபோனால் ரேடியோவுக்கு. பெட்டியோடு கொண்டுபோனால் வேறு எதற்கோ, இயக்கத்துக்கோ என்று மறிப்பார்கள். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரமும் அப்படித்தான். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சட்டம் வியாபாரிக்கு மறந்துபோனது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

ஆமிக்காரன் ஒரு பொம்பிளையை எடுத்துத் தட்டிப் பார்த்தான். கோறைச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் உடைத்துக் காட்டு, இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போ என்றான். ஆளுக்கொன்று கையில் கொண்டுபோனால் தடையில்லையாம். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வரிசையில் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்து, ஆளுக்கொன்றாய்த் தூக்கி வந்து அந்தப் பக்கத்தில் தரச்சொல்லிக் கெஞ்சினார்.

அக்கா முன்னால் போனாள்.

"கொண்டுவாறன், முதலாளி. ஆனா அங்கால வந்து திருப்பித் தரமாட்டன். திருவிழா விலையை இப்பவே தந்திடுறன்."

எனக்கும் அதுதான், எனக்கும் அதுதான் என்று பின்னால் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் பொம்மைகளைப் பார்த்தார், ஆமிக்காரனின் தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

தலை குனிந்து நடந்தே பழகிய பாலத்தில் அன்று பொம்பிளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நடந்தோம். அடையாள அட்டை இல்லாமல் அந்தச் சென்றியைக் கடந்தவர்கள் அவளுகள்தான். எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. கடைசிப் பொம்பிளையைக் கடைக்காரரே தூக்கி வந்தார். அதையும் ஒருத்தி கேட்டபோது மட்டும் கொடுக்க மறுத்தார். அவர் வீட்டிலும் ஒரு மாப்பிள்ளை ஒற்றையாய் நின்றாராம்.

வீட்டுக்கு வந்து அலுமாரியில் வைத்துப் பார்த்தால், பொம்பிளை மாப்பிள்ளையைவிட ஒரு சாண் உயரம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிலத்தில் உட்கார்ந்து சிரித்தேன். நாங்கள் போன நேரத்திலிருந்து வாசல் படலையடியிலேயே நின்ற அம்மா, கிட்ட வந்து பார்த்தாள்.

"உயரம் கிடக்கட்டும், பிள்ள. பாலம் தாண்டி வீடு வந்து சேர்ந்தாச்சு. எனக்கு அது போதும்."

சொல்லும்போது அவள் பொம்மையைப் பார்க்கவில்லை. எங்கள் இருவரையும்தான் பார்த்தாள்.